வெயிலில் நின்ற தண்ணீர்

விடிந்தும் விடியாத நேரம். குருநகர்க் கரையிலிருந்து பெட்டி பெட்டியாக நண்டு வந்து இறங்கிக்கொண்டிருந்தது. இறங்கிய கையோடு ஓட்டைக் கழற்ற வேண்டும், செவுளைப் பிய்க்க வேண்டும், குளோரின் கலந்த தண்ணீரில் அலசி ஐஸ் தட்டில் அடுக்க வேண்டும். கொம்பனியின் கழுவுமேசையில் பெண்கள் தோளோடு தோள் இடிபட நின்று அதைத்தான் செய்தார்கள். நண்டு செத்தாலும் அதன் முள் சாவதில்லை. கையுறையைக் கிழித்துக்கொண்டு விரலில் ஏறும். முள் ஏறிய இடத்தில் அந்தத் தண்ணீர் பட்டால் உச்சந்தலை வரைக்கும் எரியும். புதுக் கையுறை கேட்டால், பழையதைத் திருப்பிப் போடச் சொல்வார்கள். இடக்கை உறையை வலக்கையில் போட்டு வேலை செய்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சுகம் தெரியும்.

பிரியந்தினிக்கு மேசை வேலையோடு இன்னொரு வேலையும் இருந்தது. தாங்கியில் குளோரின் போட்டுக் கலக்கியதும், கழுவுமேசைக் குழாயில் ஒரு போத்தலும் குடிதண்ணீர்க் குழாயில் ஒரு போத்தலும் தண்ணீர் பிடித்துப் பரிசோதனை அறைக்குக் கொடுக்க வேண்டும். அந்த அறையில் ஒரு மெஷின் இருந்தது. தண்ணீரை ஊற்றி வைத்தால் போதும். அது தானாகவே மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கி, எவ்வளவு குளோரின் என்று கண்ணாடித் திரையில் எண்ணாகக் காட்டும். வெளிநாட்டுக்காரன் ஒருமுறை கிருமி இருக்கிறதென்று சரக்கைத் திருப்பி அனுப்பிய பிறகு வாங்கியது. முதலாளி பரமலிங்கத்துக்கு அந்த மெஷின் மேல் இருந்த பாசம் பெற்ற பிள்ளைகள் மேல் இருந்ததோ தெரியாது. அறைக்குக் குளிரூட்டி போட்டுப் பூட்டும் போட்டார். திறப்பு சாருஜாவிடம் மட்டும்தான்.

மெஷினைப் பார்க்கும் சாருஜா பட்டம் படித்த பிள்ளை. வட்டுக்கோட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர வெயில் ஏறிவிடும். அதுவரைக்கும் போத்தலை எங்கே வைப்பது? அறைத் திறப்பைத் தன்னிடம் தந்தால் உள்ளே வைத்துவிடலாம் என்று பிரியந்தினி ஒருநாள் கேட்டாள்.

"மீன் நாத்தக் கையோடை அந்த அறைக்குள்ளை ஒருத்தரும் காலடி வைக்கக்கூடாது," என்றார் முதலாளி.

மேசையடியில் வைத்தால் யாராவது தட்டி ஊற்றினார்கள். மதில் ஓரம் வைத்தால் ஐஸ் ஏற்றுகிற பெடியள் எடுத்து முகம் கழுவினார்கள். மேசையில் அவளுக்குப் பக்கத்தில் நிற்கும் பெர்னடெட்தான் வழி சொன்னாள்.

"அந்தோனியாரின்ரை காலடியிலை வை பிள்ளை. ஒருத்தரும் தொடாயினம்."

வாசலுக்குப் பக்கத்தில், கிழக்குப் பார்த்தபடி, பெண்கள் தங்கள் சம்பளத்தில் சேர்த்துக் கட்டிய அந்தோனியார் கூடு இருந்தது. செவ்வாய்க்கிழமைகளில் வேதக்காரர்களோடு சைவக்காரப் பெண்களும் அங்கே மெழுகுதிரி கொளுத்துவார்கள். அங்கே வைத்த பொருளை எந்தக் கள்ளனும் தொடமாட்டான். அன்றிலிருந்து போத்தல்கள் இரண்டும் அந்தோனியாரின் காலடியில் பத்திரமாக நின்றன. ஒருநாளும் சிந்தவில்லை, களவு போகவில்லை. சாருஜா வந்ததும் பிரியந்தினி அவற்றை எடுத்துக்கொண்டுபோய் அறை வாசலில் நின்று நீட்டுவாள். மெஷினோடு வந்த கரும்பழுப்புப் போத்தல்கள் ஈரக்கையில் வழுக்கி உடைந்தபோது, மேற்பார்வைக்கார றஞ்சித் கடைத் தண்ணீர்ப் போத்தல் இரண்டைத் தூக்கிப் போட்டான். புதுசு வாங்க வேண்டும் என்று சாருஜா கேட்டுப் பார்த்தாள். தண்ணிக்கு ஏன் நிறப் போத்தல் என்று முதலாளி சிரித்தார். அவளும் அதற்குமேல் வாய் திறக்கவில்லை.

பெர்னடெட் பிரியந்தினிக்கு ஞானத்தாய். கோயிலில் ஞானஸ்நானத்தின்போது கைக்குழந்தையாக அவளை ஏந்தி நின்றவள். பிரியந்தினி அவளை மாமி என்றுதான் கூப்பிடுவாள். இந்த வேலையை எடுத்துக் கொடுத்ததும் மாமிதான். மேசையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். மாமிக்கு முட்டு வருத்தம். மழைக்காலத்தில் இழுக்கும், மூச்சுப் பம்பை எடுத்து வாயில் அடித்துவிட்டு மறுபடி கத்தியை எடுப்பாள்.

மெஷின் வந்து சில கிழமைகளாகத் தண்ணீர் கடுமையாகிக்கொண்டே வந்தது. பெண்களின் கண்கள் சிவந்தன. கழுத்தில் தோல் உரிந்தது. தேத்தண்ணியில்கூட அந்த மணம். நீர்வேலியிலிருந்து வரும் உதயகலா வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் கொண்டுவந்து எல்லாருக்கும் ஒவ்வொரு மிடறு கொடுப்பாள்.

"பவுசர் வண்டியிலை வாறதும் எங்கடை ஊர்த் தண்ணிதான்," என்பாள். "அங்கை தேனாக் கிடக்கும். இஞ்சை வந்து சேர்ந்தால் கக்கூஸ் கழுவுற தண்ணி."

ஒரு காலை, கண் எரிகிறது என்று பெண்கள் றஞ்சித்திடம் சொன்னதைக் கேட்டு முதலாளியே கழுவுமேசைக்கு வந்தார். மூக்கில் கைலேஞ்சியை வைத்துக்கொண்டுதான் வந்தார்.

"என்ன, தண்ணி எரியுதாம்?"

"ஓம் முதலாளி," என்றாள் பெர்னடெட். "மூச்சு விடேலாமல் கிடக்கு. அந்தப் பின் கதவையாவது திறந்துவிடுங்கோ."

"கதவைத் திறந்தால் ஈ இலையான் வரும். ஒரு இலையானாலை முழுச் சரக்கும் திரும்பி வரும். உங்கள் ஒருத்தருக்கும் பிறகு வேலை இல்லை."

"அப்ப மருந்தைக் குறையுங்கோ."

"குறைக்கிறதோ? பத்து நிக்கோணும் எண்டு வாங்கிறவன் சொல்லுறான். மெஷின் நாலு எண்டு காட்டுது. நான் கூட்டச் சொல்லி நிக்கிறன், நீங்கள் குறைக்கச் சொல்லுறியள்."

"மெஷினுக்கு மூக்கிருக்கே முதலாளி?" என்றாள் உதயகலா.

மேசையில் ஒரு சிரிப்பு ஓடியது. முதலாளியின் முகம் கறுத்தது.

"உங்கடை மூக்குக்கு நான் சம்பளம் குடுக்கேல்லை. கைக்குத்தான் குடுக்கிறன். கை ஓடட்டும்."

கைகள் ஓடின. கதவு மூடியபடியே இருந்தது. மறுநாள் விடிகாலை றஞ்சித் தாங்கியில் இன்னும் கூடுதலாக மருந்தைக் கொட்டினான்.

அன்று பெட்டி நிறைய நண்டு. பெர்னடெட் இருமத் தொடங்கியபோது, வழக்கமான இருமல்தானே என்று பிரியந்தினி கையை நிறுத்தவில்லை. பிறகு மாமியின் கையிலிருந்த நண்டு நிலத்தில் விழுந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடினாள். சத்தம் வரவில்லை.

"பம்ப் எங்கை மாமி?"

பம்ப் வெளியே, பையோடு, பூட்டிய பெட்டியில் இருந்தது. சொந்தச் சாமான் எதையும் மேசைக்குக் கொண்டுவரக்கூடாது என்பது கொம்பனிச் சட்டம். பிரியந்தினி தண்ணீரில் சப்பாத்து வழுக்க வழுக்க ஓடினாள். பெட்டியைத் திறந்தாள், பம்பை எடுத்தாள், ஓடி வந்தாள். அதற்குள் பெண்கள் பெர்னடெட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். அந்தோனியார் கூட்டடியில் கிடத்தினார்கள். உதடு நீலமாகியிருந்தது. பம்ப் மருந்து உள்ளே போகவில்லை. ஓட்டோ வந்து ஏற்றும் மட்டும் பிரியந்தினி அந்தத் தலையை மடியில் வைத்திருந்தாள். தலைமாட்டில், அன்று காலை அவள் பிடித்து வைத்த போத்தல்கள் இரண்டும் வெயிலில் பளபளத்துக்கொண்டு நின்றன. அவற்றை அவள் கவனிக்கவில்லை.

அடுத்த நாள் அவள் வேலைக்குப் போகவில்லை. மாமியின் கணவர் பிலிப்பு கடலிலிருந்து வந்து, மாற்றாத சாரத்தோடு ஆசுபத்திரி விறாந்தையில் குந்தியிருந்தார். பிரியந்தினி அவருக்குப் பக்கத்தில் இருந்தாள். மத்தியானத்துக்குப் பிறகு சாருஜா வந்தாள். நோயாளியைப் பார்க்க வந்தவள் போல இல்லை. பிரியந்தினியைத் தனியே ஒரு தூணடிக்கு அழைத்தாள்.

"பிரியந்தினி, ஒண்டு கேக்கிறன். தண்ணி பிடிச்சு, நான் வாறவரைக்கும் எங்கை வைக்கிறனீங்கள்?"

"அந்தோனியாரின்ரை காலடியிலை, மிஸ்."

"வெயில் படுமே?"

"விடிஞ்சால் நேரை படும். ஏன் மிஸ்?"

சாருஜா உதட்டைக் கடித்தாள். "வெயில் பட்டால் தண்ணியிலை இருக்கிற குளோரின் செத்துப்போம். தெளிஞ்ச போத்தலெண்டால் இன்னும் கெதியாய். இண்டைக்கு நீங்கள் இல்லையெண்டு நானே பிடிச்சு உடனை மெஷினிலை வைச்சனான். நாப்பதைத் தாண்டிக் காட்டினது. நம்பேலாமல் திரும்பத் திரும்ப வைச்சுப் பாத்தன்."

பிரியந்தினிக்கு விளங்க நேரம் எடுத்தது. மேசையில் நின்ற தண்ணீர் வேறு, மெஷின் பார்த்த தண்ணீர் வேறு. போத்தலில் மருந்து செத்துப்போக, மெஷின் குறைவென்று காட்ட, றஞ்சித் இன்னும் கொட்ட, அடுத்த நாள் போத்தல் மறுபடி வெயிலில் நின்றிருக்கிறது. ஒவ்வொரு நாளும் அவள் கையால்தான் அந்தப் போத்தல் அங்கே போனது.

"முதலாளியிட்டைச் சொன்னனீங்களே?"

"சொன்னனான். மெஷின் பிழையாக் காட்டுது, அந்தக் கணக்கை அழிச்சுவிடு எண்டார்."

"அழிச்சுப்போட்டியளே?"

வீட்டில் தன்னை நம்பி இருந்த வாய்கள் சாருஜாவுக்குத்தான் தெரியும். கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

உள்ளே விட்டபோது மாமி கண் விழித்திருந்தாள். ஒட்சிசன் மூடியைக் கையால் விலக்கினாள். பிரியந்தினி குனிந்தாள்.

"போத்தலைக் குடுத்தனியே பிள்ளை? பிந்தினால் றஞ்சித் உன்னை ஏசுவான்."

பிரியந்தினி ஓம் என்று தலையாட்டினாள். பொழுது சாயும்போது பெர்னடெட் செத்துப்போனாள். நண்டு முள் குத்திய காயங்கள் ஆறாத கையோடு அவளைப் பெட்டியில் வைத்தார்கள்.

செத்தவீட்டில் கொம்பனிப் பெண்கள் எல்லோரும் பாயில் இருந்தார்கள். செபமாலை ஓய்ந்த ஒரு இடைவெளியில் பிரியந்தினி எழுந்து நின்றாள். போத்தலைப் பற்றி, வெயிலைப் பற்றி, மெஷின் காட்டிய எண்ணைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னாள். மாமி சொல்லித்தான் அங்கே வைத்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. பழியைச் செத்தவளின் மேல் எப்படிப் போடுவாள்?

பெர்னடெட்டின் தங்கை அவள் மேல் பாய்ந்தாள். "உன்னைக் கையிலை ஏந்தினவளை உன்ரை கையாலையே முடிச்சுப்போட்டியேடி," என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். பிரியந்தினி அசையாமல் நின்றாள். அடிக்கட்டும் என்றுதான் நின்றாள்.

"அவளை விடு," என்றார் பிலிப்பு. வாசற்படியிலிருந்து எழும்பாமலே சொன்னார். "அங்கை வைக்கச் சொல்லிக் குடுத்தது உன்ரை கொக்காதான். என்னட்டைப் பெருமையாச் சொன்னவள், பிள்ளைக்கு நல்ல இடம் ஒண்டு காட்டிவிட்டனான் எண்டு. அப்ப அவள் தன்னைத் தானே கொன்றவள் எண்டு சொல்லுவியே?"

அழுதுகொண்டிருந்தவர்கள் பிலிப்புவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

உதயகலா மெல்லக் கேட்டாள். "போத்தலை ஏன் வெளியிலை வைச்சவள்? அறை பூட்டிக் கிடந்தது. அந்த அறையைப் பூட்டினது ஆர்?"

பதில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பெர்னடெட்டின் தங்கை பிரியந்தினியின் காலடியில் குந்தி அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிரியந்தினியும் பாயில் சரிந்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அந்த நேரம் பார்த்து முதலாளி மலர்வளையத்தோடு வந்து இறங்கினார். வளையத்தை வைத்தார், தலை குனிந்து நின்றார், பிலிப்புவின் தோளைத் தொட்டார். செலவு முழுக்க என்னுடையது என்றார். முற்றத்துக்கு வந்ததும் பெண்களைக் கூப்பிட்டார்.

"நடந்தது நடந்துபோச்சு. அடக்கம் முடிஞ்ச அடுத்த நாள் எல்லாரும் வேலைக்கு வாங்கோ. சரக்குத் தேங்கிக் கிடக்கு."

"தண்ணியிலை மருந்தைக் குறைச்சாச்சே முதலாளி?" என்றாள் உதயகலா.

"அதிலை ஒரு குறையும் இல்லை. மெஷின்தான் பிழைக்குது."

"நாலு காட்டேக்கை சரியான மெஷின், நாப்பது காட்டேக்கை பிழையே?"

முதலாளியின் கண் பிரியந்தினியைத் தேடிப் பிடித்தது. விஷயம் வெளியே வந்துவிட்டது என்று விளங்கிவிட்டது. பழியைத் தலையில் கட்ட ஆள் கிடைத்தால் முதலாளிமாருக்கு மூளை கெதியாக ஓடும்.

"அப்ப கேளுங்கோ. தண்ணியைக் கொண்டுபோய் வெயிலிலை வைச்சவள் இவள். செய்ததெல்லாம் இவள். இவள் இனி என்ரை வாசல் மிதிக்கக் கூடாது."

"மெஷின் பிழையெண்டால் இவள் என்ன பிழை செய்தவள்? இவள் பிழை செய்தவளெண்டால் மெஷின் சொன்ன நாப்பது சரிதானே? ரெண்டிலை ஒண்டைச் சொல்லுங்கோ முதலாளி."

முதலாளி காரடிக்குப் போனார். கார்க் கதவில் கை வைத்தபடி திரும்பினார்.

"கூடக் கதைச்சால் கொம்பனியைப் பூட்டிப்போட்டு மன்னாரிலை போய்த் திறப்பன். அங்கையும் நண்டிருக்கு, அங்கையும் பொம்பிளையள் இருக்கினம்."

கார் போய்விட்டது. அந்தச் சொல் மட்டும் முற்றத்திலேயே நின்றது. பூட்டினால் எத்தனை வீட்டில் அடுப்பு எரியாது என்று ஒவ்வொருத்தியும் தனக்குள் நினைத்தாள். பயம் இல்லாமல் இல்லை. ஆனால் உள்ளே பெட்டியில் கிடந்தவளும் அந்த அடுப்பை நினைத்துத்தான் வாயை மூடிக்கொண்டு மேசையில் நின்றாள்.

அடக்கம் முடிந்து சேமக்காலையிலிருந்து திரும்பும் வழியில் அவர்கள் அதிகம் பேசவில்லை. பேசிய கொஞ்சம் போதுமாக இருந்தது.

மறுநாள் விடியுமுன்பே எல்லோரும் வழக்கம்போல் கொம்பனிக்கு வந்தார்கள். பிரியந்தினியைக் காவற்காரன் வாசலில் மறித்தான். அவள் அந்தோனியார் கூட்டடியில் நின்றுகொண்டாள். மற்றவர்கள் உள்ளே போனார்கள். றஞ்சித் பழைய அளவிலேயே மருந்தைக் கொட்டினான். மேசைக் குழாயில் தண்ணீர் வந்ததும் உதயகலா வீட்டிலிருந்து கொண்டுவந்த போத்தலை நிறைத்து மூடினாள். தன் சால்வையால் சுற்றினாள். ஒரு நண்டும் ஓடு கழறவில்லை. கையுறைகளைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் பெண்கள் எல்லோரும் வரிசையாக வெளியே வந்தார்கள்.

"எங்கை போறியள்?" என்று றஞ்சித் பின்னால் ஓடி வந்தான்.

"எங்கையும் போகேல்லை. வாசலிலைதான் நிப்பம்," என்றாள் உதயகலா. "இந்தத் தண்ணியை ஒருக்கால் வெளியாள் சோதிச்சுப் பாக்கட்டும். மேசையடியிலை, எங்கடை கண்ணுக்கு முன்னாலை அளக்கோணும். கதவு திறக்கோணும். பெர்னடெட்டக்காவுக்கு ஒரு ஞாயம் சொல்லோணும். பிரியந்தினியை உள்ளுக்கு எடுக்கோணும். பிறகு வாறம்."

பிலிப்பு சுகாதாரப் பரிசோதகரைக் கூட்டிவரப் போயிருந்தார். கந்தோர் திறந்து, அவர் வந்து சேர நேரம் செல்லும். அதுவரைக்கும் அந்தத் தண்ணீர் கெடாமல் இருக்க வேண்டும்.

கிழக்கே வெளித்தது. உதயகலா போத்தலைப் பிரியந்தினியிடம் நீட்டினாள்.

பிரியந்தினி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "என்னட்டைத் தராதேங்கோ அக்கா. நான் தொடமாட்டன்."

"நீதான் பிடிக்கோணும்."

"ஏலாதக்கா."

அவர்களோடு வந்து நின்ற பெர்னடெட்டின் தங்கை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். முந்தினநாள் அழுத கண் இன்னும் வீங்கியிருந்தது. போத்தலை உதயகலாவிடமிருந்து வாங்கினாள். பிரியந்தினியின் கைகளை முன்னால் இழுத்து அதற்குள் வைத்தாள். அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடித்து மூடிவிட்டாள்.

"பிடி," என்றாள்.

வெயில் மதிலைத் தாண்டி வந்தது. சால்வைக்குள் இருந்தாலும் போத்தல் சூடாகக்கூடாது என்று யாரோ சொன்னார்கள். பெண்கள் கிழக்குப் பக்கமாக நகர்ந்து பிரியந்தினியைச் சுற்றி நெருக்கமாக நின்றார்கள். அவர்களுடைய நிழல் அவள் மேல் விழுந்தது. உடம்பில் இன்னும் அந்தக் குளோரின் மணம் இருந்தது. சிலர் இருமினார்கள். மேல்மாடி யன்னலில் முதலாளி கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நின்று பார்த்தார். வாசற்கதவைப் பூட்டச் சொல்லி அவர் கையைக் காட்டுவதும் தெரிந்தது. கதவு பூட்டப்பட்டது. ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். எல்லோரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு அங்கேயே நின்றார்கள்.

வெயில் ஏற ஏற நிழல் குறுகியது. வட்டுக்கோட்டை பஸ்ஸில் வந்தவள் சந்தியில் இறங்கி நடந்து வந்தாள். சாருஜாவுக்காகக் காவற்காரன் சின்னக் கதவைத் திறந்து பிடித்தான். அவள் கதவைப் பார்த்தாள், பெண்களைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் நடுவழியில் நின்றாள். பிறகு தன் குடையை விரித்துக்கொண்டு பெண்களுக்குள் வந்தாள். பரிசோதகருக்காகத்தான் நிற்கிறோம் என்றாள் உதயகலா.

"அந்தக் கணக்கை நான் அழிச்சுப்போட்டன்," என்றாள் பிரியந்தினியிடம். "ஆனால் கண்டது கண்டதுதான். பரிசோதகர் வந்து கேட்டால் சொல்லுவன்."

பிரியந்தினி ஒரு அடி நகர்ந்து இடம் விட்டாள். சாருஜா குடையைப் போத்தலுக்கு மேலே பிடித்தாள். அவளுடைய தலையில் வெயில் விழுந்தது.

பரிசோதகர் இன்னும் வரவில்லை. அன்று வருவாரோ, வந்து என்ன சொல்வாரோ, கதவு திறக்குமோ திறக்காதோ ஒருவருக்கும் தெரியாது. பிரியந்தினி போத்தலை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். போத்தலில் வெயில் படவில்லை.